கையை இறக்கு, அண்ணா

நஜர்பாத், மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சீனு அண்ணனுக்கு,

தங்கை கனகா எழுதிக்கொள்வது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டுமென்று மாதேஸ்வர சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. அப்பாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடாதே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். சிரி. போனில் அப்பா பேச்சை எடுத்தால் போதும், உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. வாட்ஸப்பில் நாலு வரி எழுதினால் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடிவிடுகிறாய். காகிதத்தை அப்படி ஏமாற்ற முடியாது. என் ஆபீஸ் சிநேகிதியின் தம்பி வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். உன் அறைக்கே வந்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான்.

முதலில் நல்ல சேதி. திட்டாமல் படி. நான் ஒரு வருஷமாகத் துப்பாக்கி சுடப் பழகிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டுப் பெண்ணுக்குத் துப்பாக்கியா என்று உன் முகம் போகிற போக்கு எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. பயப்படாதே. இது விளையாட்டுத் துப்பாக்கி. ஏர் பிஸ்டல் என்பார்கள். லைசென்ஸ்கூட வேண்டாம். துவரம்பருப்பு அளவில் ஒரு ஈயக் குண்டு, அடைத்த காற்றின் விசையில் போகும். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டை, நடுவில் கறுப்பு வட்டம். ஒற்றைக் கையை நீட்டிச் சுட வேண்டும், அவ்வளவுதான்.

போன தசரா பொருட்காட்சியில் பலூன் சுடும் கடையில்தான் இது ஆரம்பித்தது. சும்மா ஒரு ஆசைக்குச் சுட்டேன். ஒரு வரிசை பலூனும் வெடித்துவிட்டது. கடைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பக்கத்தில் நின்று பார்த்த அஷ்வினி என்னை விடவில்லை. அவள் நான் ஆபீஸ் வேலை பார்க்கும் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். மேல்கோட்டைக் குடும்பத்துப் பெண், பேச்சில் பாதி தமிழ், பாதி கன்னடம். சாயங்காலங்களில் ஒரு கிளப்பில் சுடச் சொல்லிக் கொடுக்கிறாள். வாங்க அக்கா, ஒருநாள் வந்து பாருங்க என்று பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

போன முதல் நாளே திரும்பி ஓடிவந்திருப்பேன். என்னை நிறுத்தியது என்ன தெரியுமா? காட்டில் ஒளிந்திருந்தவர்களைத் தேடி ஊர் ஊராகப் போலீஸ் ஜீப் வந்த வருஷம் எனக்கு ஏழு வயது. கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தேன். பூட்ஸ் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. துப்பாக்கியை எடு என்று அவர்கள் அதட்டியதும், "எங்ககிட்ட ஏதுங்க சாமி துப்பாக்கி" என்று அப்பா சொன்னதும் காதிலேயே இருக்கிறது. அப்புறம் அடி விழும் சத்தம். "போதும் சாமி, நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அம்மா கத்தினாள். யாரும் நிறுத்தவில்லை. உன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

கிளப்பில் 'ஸ்டாப்' என்று ஒரே ஒரு சொல் சொல்கிறார்கள், அண்ணா. அந்த நொடியே அத்தனை பேரும் கையை இறக்கிவிடுகிறார்கள். குண்டை எடுத்துவிட்டு, துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, பின்னால் தள்ளி நிற்கிறார்கள். எவனும் எவளும் இன்னொரு மனுஷரின் பக்கம் அதைத் திருப்புவதில்லை. தெரியாமல் கொஞ்சம் திரும்பினாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள். நிறுத்து என்றால் நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் உட்கார்ந்து அழுதேன். மறுநாள் திரும்பப் போனேன்.

ஆரம்பத்தில் என் சுடுதலைப் பார்த்தால் சிரித்திருப்பாய். முதல் போட்டியில் அறுநூறுக்கு நானூற்றுச் சொச்சம். எனக்குக் கீழே ஒரே ஒரு ஆள், அவரும் வயிற்றுவலி என்று பாதியில் எழுந்து போனவர். என் குறை அவசரம். கையைத் தூக்கியாயிற்று, எப்படியாவது சுட்டுவிட வேண்டும். கை ஆடத் தொடங்கிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்று, கடைசியில் விசையைப் பிடுங்குவேன். குண்டு எங்கோ கீழே போய் விழும். அஷ்வினிதான் ஒருநாள் சலித்துப்போய்ச் சொன்னாள்: "சும்னே ஏன் அக்கா இழுத்துப் பிடிச்சுண்டு நிக்கறீங்க? தூக்கின கையோட சுட்டே ஆகணும்னு யார் சொன்னா? மனசு ஒப்பலேன்னா இறக்குங்க. மூச்சு விட்டுட்டுத் திருப்பித் தூக்குங்க. இறக்கினதுக்கு யாரும் மார்க் குறைக்க மாட்டா."

அண்ணா, இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. சுடுவது சுலபம். தூக்கின கையைச் சுடாமல் இறக்குவதற்குத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது. அது வந்த பிறகு என் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. இப்போது ஐந்நூறைத் தாண்டிவிட்டேன். தசராவை ஒட்டி கிளப்பில் நடக்கும் போட்டியில் ஐந்நூற்று இருபது எடுத்தால் மாநிலப் போட்டிக்குப் பெயர் கொடுப்பார்கள். நாற்பது வயதில் என்னடி ஆட்டம் என்று கேட்காதே. எனக்கென்று வேறு என்ன இருக்கிறது சொல்.

இனி அப்பா. மறதி முற்றிவிட்டது. நேற்றுத் தின்றது நினைவில்லை. அம்மா செத்து நாலு வருஷம் ஆனது நினைவில்லை. நம் ஊர் கோபிநத்தத்துக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று மைசூரில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். அரண்மனைப் பக்கம் பீரங்கி ஒத்திகை வேறு ஆரம்பித்துவிட்டது. விஜயதசமியன்று வெடிக்கும்போது யானைகள் மிரளக் கூடாதென்று முன்கூட்டியே வெடித்துப் பழக்குகிறார்கள் அல்லவா, அது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அப்பா கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறார். கையைப் பிடித்து வெளியே கூட்டிவர முடியவில்லை. யானைகூடப் பழகிவிடுகிறது. இவருக்குப் பழகவில்லை.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. போட்டிவரை வீட்டில் பழக வேண்டும் என்று கிளப் துப்பாக்கி ஒன்றை அஷ்வினி என்னை நம்பிக் கொடுத்திருந்தாள். குண்டு போடாமல், வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்துப் பழகுவோம். அப்பா தூங்கும்போதுதான் செய்வேன். எப்போது பார்த்தாரோ தெரியாது. செவ்வாய்க்கிழமை ஆபீஸிலிருந்து வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே துப்பாக்கி இல்லை. பீரோ, அரிசி டிரம், பரண் எல்லாம் தேடியாயிற்று. அப்பா வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். நகத்தில் ஈர மண். "என்னப்பா மண்ணு" என்று கேட்டேன். "சத்தம் போடாத அம்மிணி, அவங்க காதுல உழுந்துரும்" என்றார்.

கொல்லையில் துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் இருந்தது. அந்தக் கல்லை இந்த வயதில் எப்படித்தான் புரட்டினாரோ! எடுத்துப் பிரித்தேன். விளக்கெண்ணெய் தடவின துணியில் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். குழாயின் வாயில் மண் போகாமல் சின்னத் துணித் திரி ஒன்று அடைத்திருந்தது. அடியில் ஈரம் ஏறாமல் ஓட்டுச் சில்லு பரப்பியிருந்தார். பயந்துபோய் ஒரு பொருளை ஒளிப்பவர் இப்படி ஒளிக்க மாட்டார், அண்ணா. இது முன்னமே செய்து பழகின கை.

நம் வீட்டில் துப்பாக்கியே இருந்ததில்லை என்று அம்மா சாகும்வரை சொன்னாள். நானும் நம்பினேன். பன்றி விரட்ட ஊரில் பாதிப் பேர் நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியும். நம் வீட்டிலும் இருந்ததா? நீ ஜீப்பில் ஏறும்போது அப்பாவைத் திரும்பிப் பார்த்தாய் என்று அம்மா ஒருமுறை சொன்னாள். அதை நான் பயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருந்தால் பதில் எழுத வேண்டாம். பேசாமல் இரு. நான் புரிந்துகொள்கிறேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே. சீட்டு விளையாடிக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. போட்டியன்று எனக்காக ஒரு நிமிஷம் சாமியை நினைத்துக்கொள்.

உன் அன்புத் தங்கை,
கனகா


நஜர்பாத், மைசூரு
விஜயதசமி கழிந்த வியாழக்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

கனகா எழுதுவது. கடிதம் கிடைத்தது என்று மட்டும் செய்தி அனுப்பினாய். அதற்குமேல் பேசாமல் இருந்தாய். புரிந்துகொண்டேன்.

முதல் இரண்டு நாள் உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. தெரிந்தே வைத்திருந்தாயே, என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அப்புறம் அப்பாவின்மேல் ஆத்திரம் வந்தது. பதினாறு வயதுப் பையனை இழுத்துக்கொண்டு போகிறார்கள், வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறாரே! பதினோரு நாள் கழித்து நீ வந்தபோது உன் இடது காது கேட்கவில்லை. இன்றைக்கும் போனை நீ வலது காதில்தான் வைக்கிறாய். துப்பாக்கியை எடுத்துக் கொடுத்திருந்தால் இவர்களும் காட்டில் இருப்பவர்களைச் சேர்ந்தவர்கள்தான் என்று நம் எல்லோரையும் கொண்டுபோயிருப்பார்கள் என்று பயந்தாரோ என்னவோ. எனக்குத் தெரியாது. இனி அவரிடம் கேட்கவும் முடியாது. அவருக்காக நான் வக்காலத்து வாங்க வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

போட்டிக்குப் போகும் நாளில் அப்பாவை எதிர்வீட்டு மல்லப்பன் சம்சாரம் பார்த்துக்கொண்டாள். மல்லப்பன் ஆட்டோ ஓட்டுகிறவர். நல்ல மனுஷர், அப்பாவைச் சொந்தத் தாத்தாபோல அஜ்ஜா, அஜ்ஜா என்று உயிரை விடுவார். அவர்தான் என்னைக் கொண்டுபோய் விட்டார். முதல் பத்துக் குண்டு சுமார். அப்புறம் பிடித்துக்கொண்டது. கடைசியில் நேரம் குறைவாக இருந்தது, பக்கத்தில் எல்லோரும் முடித்துவிட்டுப் போகிறார்கள், எனக்கு இன்னும் இரண்டு குண்டு மிச்சம். கை தூக்கினேன், ஆடியது. இறக்கினேன். மறுபடி தூக்கினேன், மனசு ஒப்பவில்லை. இறக்கினேன். பின்னால் அஷ்வினி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாளாம். மூன்றாவது தடவை தூக்கினபோது கை கல்லாக நின்றது. அடுத்தடுத்து இரண்டையும் சுட்டு முடித்தேன். மொத்தம் ஐந்நூற்று இருபத்து மூன்று. அஷ்வினி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். நானும் வெட்கமில்லாமல் குதித்தேன்.

மல்லப்பனே வந்து என்னை வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஒரு கையில் சான்றிதழ், ஒரு கையில் இனிப்புப் பொட்டலம். துப்பாக்கிப் பெட்டியை நான் எடுத்துவருகிறேன் என்று அவர் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து கட்டிலில் வைத்தார். ஆட்டோக்காரர் அல்லவா, காக்கிச் சட்டை போட்டிருந்தார். தினமும் அதே சட்டைதான். அப்பா ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்கு அந்தப் பெட்டியையும் காக்கியையும் சேர்த்துப் பார்த்துவிட்டார்.

நான் சமையலறையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் அப்பா தரையில் முட்டி போட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்து, துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்தி, மல்லப்பன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிறார். "இந்தாங்க சாமி. இருக்குதுங்க. நாந்தான் ஒளிச்சு வெச்சேனுங்க. பையனுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. எடுத்துக்குங்க, பையனை உட்ருங்க." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கை ஆடவில்லை, அண்ணா. கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

மல்லப்பனுக்கு நம் கதை ஒன்றும் தெரியாது. ஆனால் ஏதோ தெரிந்துவிட்டது அந்த மனுஷருக்கு. தானும் குனிந்து உட்கார்ந்து, துப்பாக்கியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஆய்து அஜ்ஜா, பிட்டாய்து. விட்டாச்சு, உங்க பையனை விட்டாச்சு" என்றார். அப்பா அவர் காலைத் தொடப் போனார். மல்லப்பன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு, நேரே அஷ்வினியிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்தார். பாவம், அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போது அவர் காக்கி போடுவதில்லை.

அன்றைக்கு அப்பா தூங்கின மாதிரி தூக்கத்தை நான் பார்த்ததில்லை. சரி, ஒரு பாரம் இறங்கிவிட்டது, இனி நிம்மதி என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலையில் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கேட் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். "பையனை உட்டுட்டாங்க அம்மிணி, வந்துட்டிருப்பான். களி கிண்டி வை. கொள்ளுக் கொழம்புன்னா ரெண்டு உருண்டை சேத்தித் திம்பான்." அன்றிலிருந்து இதே கதைதான். தெருவில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து நிற்கிறார். கேட்டைத் தாழ் போட விடுவதில்லை.

உன் போட்டோவைக் காட்டினேன். நரைத்த தாடியைப் பார்த்துவிட்டு, "இவரு யாரோ பெரிய மனுசரு. எம் பையன் சின்னப் பையன் அம்மிணி" என்றார். நீ எனக்கு எப்போதோ அனுப்பின குரல் செய்தி ஒன்று போனில் இருந்தது. "சாப்டியா கண்ணு" என்று கேட்டிருப்பாய். அதைப் போட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். சீனு, சீனு என்று போனைத் தடவினார். அப்புறம் முகம் மாறிவிட்டது. "எங்கிருந்து பேசறான்? உட்டுட்டேன்னாங்களே. இன்னும் அங்கயேதான் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

டாக்டர் மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார். இப்படிச் சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தாங்காது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். களியை அவரும் தொடுவதில்லை. பையன் வரட்டும் என்று தட்டை மூடி வைக்கச் சொல்கிறார். அந்தத் தட்டை மூடுவதும் திறப்பதுமாக என் நாள் போகிறது. மாநிலப் போட்டிக்கு நான் போகவில்லை என்று அஷ்வினியிடம் சொல்லிவிட்டேன். பெயரை எடுக்க மாட்டேன் அக்கா, கடைசி நாள்வரை வைத்திருப்பேன் என்று அடம் பிடிக்கிறாள். அது அவள் பிரியம். அதற்காக உன்னைக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே.

அம்மா காரியத்துக்கு வந்தபோதும் நீ அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் என்று இப்போது தெரிகிறது. உன் கோபம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷமாகக் கையை நீட்டிப் பிடித்தபடியே நிற்கிறாயே அண்ணா, உனக்கு வலிக்கவில்லையா? இறக்கு. மனசு ஒப்பாவிட்டால் அப்புறம் திரும்பத் தூக்கிக்கொள். இறக்கினதற்காக உன்னை யாரும் குறைத்துப் பேச மாட்டார்கள்.

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை. பேச வேண்டாம், தங்க வேண்டாம். கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "அப்பா, உட்டுட்டாங்க" என்று உன் வாயால் ஒருமுறை சொல். உன் குரலை அவருக்குத் தெரியும். ஒரு உருண்டை களி தின்று காட்டு. அது போதும்.

முடிவில் என் பெயருக்குக் கீழே கோணலாக இன்னொரு பெயர் இருக்கும். யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்டுக்கொண்டு அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பையனை அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். மனுவா, அப்போ நானும் கையெழுத்துப் போட வேண்டாமா என்று பேனாவை வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் போட வெகுநேரம் ஆயிற்று. போட்டுவிட்டு, பெரியவங்க மனசு எரங்குவாங்க அம்மிணி என்று காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக் கொடுத்தார்.

மாதேஸ்வரன் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
கனகா

லிங்கப்பன்